கோடெல்லாம் ஃபால்ட் இல்ல: கிரக போட்டோவுல பிளவை எப்படி கண்டுபிடிக்கிறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "செவ்வாய், புதன், நிலா படங்கள ஜூம் பண்ணி பாக்குறது என் பொழுதுபோக்கு. எங்க பாத்தாலும் கோடு கோடா தெரியுது, இதுல எது ஃபால்ட், எது சும்மா பள்ளம்னு எப்படி பிரிக்கிறது? பூமியில தட்டு நகருது சரி, அங்க தட்டே இல்லன்னா பிளவு எப்படி வரும்?"

ஃபால்ட்னா பாறை உடைஞ்சு ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்த பிளவு. மொதல்ல கோட்டையே பாக்குறத விடுங்க, அந்த கோடு குறுக்க வெட்டிட்டு போற கிரேட்டர் (விண்கல் மோதி வந்த பள்ளம்) ஏதாவது இருக்கான்னு தேடுங்க. கிரேட்டர் பெரும்பாலும் வட்டமாத்தான் உருவாகும், அதனால அது நமக்கு ஓசியில கெடச்ச அளவுகோல். வட்டம் நசுங்கி ஒரு பாதி இன்னொரு பாதி மேல ஏறி உக்காந்திருந்தா அது அமுக்கத்துல வந்த பிளவு, வட்டம் இழுபட்டு நடுவுல ஒரு பட்டை மட்டும் கீழ இறங்கியிருந்தா இழுத்ததுல வந்தது, ரெண்டு பாதியும் பக்கவாட்டுல தள்ளி நின்னா அது பக்கவாட்டு பிளவு, கலிஃபோர்னியாவோட சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட் வகை. ஒண்ணுமே நகரலையா? அது வெறும் விரிசல், ஃபால்ட்னு சொல்லக்கூடாது. கிரேட்டர் முழுசா கோட்டு மேல விழுந்திருந்தா கோடுதான் மூத்தது.

கிரேட்டர் கிடைக்கலன்னா கோட்டோட போக்கை பாருங்க. பக்கவாட்டு பிளவு தரைக்குள்ள கிட்டத்தட்ட செங்குத்தா இறங்கும், இழுவைப் பிளவு சுமார் 60 டிகிரி சாய்வுல, அமுக்கப் பிளவு சுமார் 30 டிகிரியில. சாய்வு கம்மியா இருந்தா மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது கோடு நாக்கு நாக்கா வளையும், செங்குத்தா இருந்தா கத்தியால கீறின மாதிரி நேரா போகும்.

இப்ப ரெண்டாவது கேள்வி, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒத்த கோடு பெருசா எதுவும் சொல்லாது, கூட்டமா எப்படி பரவியிருக்குன்னுதான் பாக்கணும். பூமியில ஓடு பல தட்டா உடைஞ்சு நகருறதால பெரிய பிளவுகள் தட்டு விளிம்பை ஒட்டி பட்டையா இருக்கும், இமயமலையில அமுக்கம், கிழக்கு ஆப்பிரிக்காவுல இழுவை. புதன்ல ஒரே ஓடுதான், உள்ள இருக்குற பெரிய இரும்புக் கரு ஆறி ஆறி சுருங்க, மேல இருக்குற ஓட்டுக்கு இடம் பத்தாம கிரகம் பூரா அமுக்கப் பிளவு. ஆரம் 7 கிலோமீட்டர் வரைக்கும் குறைஞ்சிருக்கலாம்னு மெசஞ்சர் விண்கலத்தோட படங்கள வச்சு கணக்கு போட்டாங்க. வத்தல் தோல் சுருங்குறதோட ஒப்பிடுவாங்க, ஆனா தோல் மடியும், பாறை உடைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அந்த வித்தியாசம் முக்கியம்.

நிலாவும் இப்படித்தான், ஆனா சின்ன அளவுல. 1972-ல அப்பல்லோ 17 வீரர்கள் வண்டி ஓட்டி ஏறின லீ-லிங்கன் சரிவு சுமார் 80 மீட்டர் உயரம், அதுவும் ஒரு அமுக்கப் பிளவுதான்.

செவ்வாய் வேற கதை. தார்சிஸ்னு ஒரு ராட்சச எரிமலை மேடு, அந்த எடையை ஓடு தாங்க வேண்டியிருக்கு, அதனால அதுலேர்ந்து சக்கரத்து ஆரக்கால் மாதிரி இழுவைப் பள்ளங்கள் வெளிய கிளம்புது, அதே மேட்டை சுத்தி வளையம் வளையமா அமுக்க முகடுகள், ரெண்டையும் ஒரே மேப்ல பாத்தீங்கன்னா மையம் எங்கன்னு நீங்களே விரல் வைப்பீங்க. அங்க இருக்குற ராட்சச பள்ளத்தாக்கு வாலஸ் மரினெரிஸ் 4000 கிலோமீட்டர் நீளம், பிளவாத்தான் ஆரம்பிச்சுது, ஆனா பின்னாடி நிலச்சரிவு, அரிப்பெல்லாம் சேர்ந்துதான் இவ்ளோ அகலமாச்சு, அதனால அகலம் முழுசையும் ஃபால்ட் கணக்குல எழுதிடாதீங்க.

வியாழனோட நிலா யுரோப்பாவுல ஓடு பனிக்கட்டி, வியாழனோட ஈர்ப்பு ஒவ்வொரு சுத்துலயும் அதை பிசையுது, அதான் அங்க கீறல் மேல கீறல்.

கடைசியா ஒண்ணு, நானே ஏமாந்திருக்கேன். கிழக்கு மேற்கா வெளிச்சம் அடிச்சா வடக்கு தெற்கா போற சரிவுதான் நல்லா நிழல் காட்டும், மத்தது மறைஞ்சிடும், உடனே "எல்லா பிளவும் ஒரே திசை"ன்னு முடிவு பண்ணிடுவோம். அதனால அதே இடத்தை வேற சூரிய கோணத்துல எடுத்த படம் இருந்தா தேடி வச்சுக்கோங்க. மேடு பள்ளமா, பள்ளம் மேடா தெரியுதுன்னு சந்தேகம் வந்தா வெளிச்சம் மேலேர்ந்து விழுற மாதிரி படத்தை திருப்பி பாருங்க.