வாசகர் கேள்வி-பதில்: கெக்கோவின் தொட்டிக்கு எந்தச் செடி, எந்தக் கல்?

கேள்வி: என் மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி ஒன்று வாங்கித் தருவதாக வாக்களித்து, மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியும் வாங்கிவிட்டோம். உள்ளே பாசி, பெரணி, மணி பிளான்ட் ஆகியவற்றை நட்டு, அடியில் வெள்ளை மணல் பரப்பினால் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரியா? பிளாஸ்டிக் செடியே போதும் என்கிறார் என் கணவர்.
— வாசகி ஒருவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: பாசியும் பெரணியும் வேண்டாம், மணல் வேண்டவே வேண்டாம். லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் கல்லும் புதரும் மண்டிய வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, அந்தி சாய்ந்த பிறகே இரை தேடப் புறப்படும். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இருப்பதுபோல் அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது. ஆகவே அது வாழப்போவது தொட்டியின் தரையில்தான். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதும் தரையைத்தான்.

இந்தக் கெக்கோவுக்கு 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது. பினாங்கிலோ 80 விழுக்காடு என்பது அன்றாடம். குளிர்நாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் ஈரத்தைக் கூட்டுவதற்கு வழி சொல்பவை; நமக்கோ அதைக் குறைப்பதுதான் பாடு. ஈரமண் நிரப்பிப் பெரணி நட்டால், தொட்டிக்குள் காற்று தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அங்கேயே கிடக்கும் கெக்கோவுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று வரவும் கூடும். மேல்மூடி முழுவதும் கம்பிவலையாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து ரிங்கிட்டில் கிடைக்கும் சிறு ஈரமானி ஒன்றை, அலங்காரப் பொருள்கள் எதையும் வாங்கும் முன்னர் வாங்கி உள்ளே வையுங்கள்.

மணலை மறுப்பதற்குக் காரணம் வேறு. பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது மணலும் வாய்க்குள் போகும். அது குடலில் சேர்ந்து அடைத்துக்கொள்ளலாம். ‘கால்சியம் மணல், செரித்துவிடும்’ என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். வீடு கட்டியபோது மீந்த தரை ஓடுகள் இருந்தால், சொரசொரப்பான பக்கம் மேலே தெரியும்படி இடைவெளியின்றிப் பதித்துவிடுங்கள். துடைப்பது எளிது, நகமும் தேயும், தொட்டியைச் சூடேற்ற அடியில் வைக்கும் மின் வெப்பத்தகட்டின் சூட்டையும் ஓடு சீராகப் பரப்பும். அந்தத் தகட்டை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்காதீர்கள். சூடான பக்கத்தின் தரை 32 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும்.

பதுங்கிடங்கள் மூன்று வேண்டும்: சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, இடையில் ஈரமானது ஒன்று. இந்த மூன்றாவதற்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. பொங்கலுக்கு வாங்கிய சிறு மண்பானை ஏதேனும் பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள். வண்ணம் பூசாத பானையாக இருக்க வேண்டும், ஏனெனில் சூட்டில் வண்ணம் உரிந்து உதிரும். விளிம்பில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லத் தட்டி உடைத்து, உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் விரல் வைத்தாலும் உறுத்தாத அளவுக்குத் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். உள்ளே கைப்பிடியளவு ஸ்பேக்னம் பாசியை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து பரப்ப வேண்டும். நீங்கள் ஆசைப்பட்ட பாசிக்கு இடம் இந்தப் பானைக்குள் மட்டுமே! தோலுரிக்கும் காலத்தில் கெக்கோ அதற்குள் போய்க் கிடக்கும். இந்த ஈரம் கிடைக்காவிட்டால் பழைய தோல் விரல்நுனியில் நூல்போல் இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரலே உதிர்ந்துபோகக்கூடும். குளிர்சாதனம் ஓடும் அறையானால் பாசி விரைவில் காய்ந்துவிடும் என்பதால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள்.

கற்களை அடுக்குவதானால் தரை ஓட்டின் மீது ஆடாமல் உட்கார வையுங்கள். என் முதல் தொட்டியில் மண்ணின் மேல் அடுக்கிய கல் ஒன்று, கெக்கோ அடியில் தோண்டியதால் நள்ளிரவில் சரிந்தது. அது தப்பியது என் நல்ல காலம். அன்று முதல் அடுக்கிய கற்களைக் கையால் ஓங்கித் தட்டிப் பார்த்த பிறகே விளக்கணைப்பது வழக்கமாகிவிட்டது.

செடிக்கு வருவோம். மலாயில் ‘லிடா ஜின்’ எனப்படும் சன்சிவேரியாவும், சிறிய ஹாவொர்த்தியாவும் போதும். சட்டியோடு வைத்தால் ஊற்றும் நீர் சட்டிக்குள்ளேயே நிற்கும். நர்சரிச் செடியை வந்த நாளே உள்ளே வைக்காதீர்கள். மண்ணை உதறி வேரைக் கழுவுங்கள். வேரோடு ஒட்டியிருக்கும் கடுகு போன்ற மஞ்சள் உர உருண்டைகளையும் பொறுக்கி எறியுங்கள். பின்னர் புது மண்ணில் நட்டு ஓரிரு மாதம் வெளியிலேயே வளரட்டும். இலைக்குள் ஊறிய பூச்சிமருந்தை, இரையாகப் போடும் வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைக் கெக்கோ தின்னும். முள் உள்ளதும், பால் வடியும் கள்ளி வகைகளும் அறவே கூடாது. பிளாஸ்டிக் செடி தவறில்லை. கம்பி முனைகளை வெட்டி, வெந்நீரில் கழுவுங்கள். உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரிதான்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் கிரெஸ்டெட் கெக்கோ வளர்க்கிறேன். அதற்கும் இதே வறண்ட ஏற்பாடுதானா?
— வாசகர் ஒருவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை, இது நேர் எதிர். கிரெஸ்டெட் கெக்கோ பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாக் காடுகளைச் சேர்ந்த மரவாசி; அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இதற்கு உயரமான தொட்டியும் அடர்ந்த இலையும் வேண்டும். வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம். தலைநகரின் சாலையோர மரக்கிளைகளில் கூடைபோல் தொற்றி நிற்கும் பறவைக்கூட்டுப் பெரணியின் சிறு கன்றும், அன்னாசிக் குடும்பத்துப் புரோமீலியாடும் இதற்கு மிகப் பொருந்தும். அகன்ற இலை அதன் உடல் எடையைத் தாங்க வேண்டும் என்பதே அளவுகோல். அடியில் களிமண் உருண்டைகளைப் பரப்பி, வலை விரித்து, அதன் மேல் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணைப் போட்டால் வேர் அழுகாது.

குறுக்கும் நெடுக்குமாகக் கொய்யாக் கிளைகளைச் சாய்த்து வையுங்கள். பிடித்துக்கொள்ளக் கிளையும் இலையும் இல்லாத தொட்டியில் இது கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கியே தூங்கும். அந்நிலையில் வால் முதுகுப் பக்கம் மடங்கிக் கிடந்து இடுப்பெலும்பே கோணிவிடக்கூடும். கிளையைச் சிலிக்கோனால் ஒட்டுவதானால் மீன்தொட்டிக்குரிய வகையையே வாங்கி, புளித்த நெடி முழுதும் போன பிறகு கெக்கோவை விடுங்கள். குளியலறைச் சிலிக்கோனில் பூஞ்சணக்கொல்லி இருக்கும்.

ஆனால் செடியைவிட வெப்பமே உங்கள் கவலையாக இருக்க வேண்டும். 28 பாகைக்கு மேல் நீடித்தால் இது வாடிவிடும். கோலாலம்பூரின் பிற்பகல் 32, 33 பாகையைத் தொடுகிறது. பகலில் குளிர்சாதனம் ஓடாத வீடானால், எவ்வளவு அழகான தொட்டியும் உதவாது.

கேள்வி: தொட்டிக்குள் எறும்பு ஏறுகிறது. மருந்து தெளிக்கலாமா?
— வாசகர் ஒருவர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. சுவரை ஒட்டாத நான்கு கால் மேசையில் தொட்டியை வைத்து, கால் ஒவ்வொன்றையும் சவர்க்கார நீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். மின்கம்பி சுவரிலிருந்து வருவதால் அதன் மேல் சிறிது வாசலின் தடவுங்கள். கிண்ணத்து நீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்றுங்கள், இல்லையேல் எறும்பைத் தடுக்கப்போய் ஏடிஸ் கொசுவை வளர்ப்பீர்கள்.