ஸ்டெரோத்தில் ஒரு குளியலுக்கு ஆகும் நேரம்

"எந்த நேரமும் ராக்கெட் விழலாம் என்ற ஊரில் மக்கள் எப்படித்தான் சமைத்து, குளித்து, தூங்கி வாழ்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சமையலும் தூக்கமும் எப்படியோ நடந்துவிடும். குளியல்தான் பெரும்பாடு.

2012 முதல் 2014 வரை, இஸ்ரேலின் தெற்கே உள்ள ஸ்டெரோத் நகரில் மொரோக்கோவிலிருந்து குடியேறிய ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். காஸா எல்லை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் 'செவா அதோம், செவா அதோம்' என்று சொல்லும். 'சிவப்பு நிறம்' என்று பொருள். முதலில் 'சிவப்பு விடியல்' என்றுதான் இருந்ததாம். விடியல் என்பதே பெயராக அமைந்த ஒரு சிறுமி மனம் வருந்தியதால் மாற்றினார்கள் என்று சொல்வார்கள். குரல் கேட்டதிலிருந்து பதுங்குவதற்கு 15 விநாடி. டெல் அவீவ்காரர்களுக்கு 90 விநாடி உண்டு. கொடுத்து வைத்தவர்கள்.

வீட்டில் 'மமாத்' என்ற பாதுகாப்பு அறை இருக்கும்: தடித்த கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு, ஜன்னலை மூட இரும்புத் தகடு. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவுகணைகள் விழுந்த பிறகு, புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு இது கட்டாயமானது. எங்களுடையது பழைய வீடு. மமாத் பிற்பாடு பின்பக்கம் ஒட்டிக் கட்டியது. சவ்தாவின் கட்டிலை அதிலேயே போட்டுவிட்டோம். (சவ்தா என்றால் பாட்டி, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்.) குளியலறையோ வீட்டின் மறுகோடியில். சக்கர நாற்காலியைத் தள்ளி ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். 22 விநாடி ஆனது.

அந்த ஏழு விநாடிதான் என் அன்றாடம். தலைக்கு ஒரு நாள், உடம்புக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன். ஒருமுறை தலை நிறைய நுரையோடு இருக்கும்போது அந்தக் குரல் வந்தது. நகர்த்த நேரமில்லை, அவர் மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டேன். எங்கோ வெடித்தது. சவ்தா மொரோக்கோ அரபியில் வாய்க்கு வந்தபடி திட்டினார். ராக்கெட்டை அல்ல, கண்ணில் சோப்பு போக விட்ட என்னை. 2014 கோடையில் 50 நாள் போர் நடந்தபோது குளியலையே விட்டுவிட்டு, மமாத்துக்குள் ஈரத் துண்டால் துடைத்துவிட்டதோடு சரி.

வெளியே போனால் பேருந்து நிறுத்தமே கான்கிரீட் அறைதான். ஒரு பூங்காவில் வண்ணம் பூசிய கம்பளிப்புழு உண்டு, அதுவும் கான்கிரீட். குழந்தைகள் அதற்குள் நுழைந்து விளையாடுவார்கள், எச்சரிக்கை வந்தால் அங்கேயே பதுங்குவார்கள். சவ்தாவின் மகன் ஊருக்குள் காரோட்டும்போது சீட் பெல்ட் போடமாட்டார், கண்ணாடியையும் ஏற்றமாட்டார். குரல் காதில் விழ வேண்டும், உடனே இறங்கிப் படுக்க வேண்டும்.

2011இல் வந்த 'அயர்ன் டோம்' பல ராக்கெட்டுகளை வானத்திலேயே உடைத்துவிடும். சத்தம் மேலேயா கீழேயா என்பது சில வாரங்களில் காதுக்குப் பழகிவிட்டது. இரவில் விமானங்கள் காஸா பக்கம் போகும். சற்று நேரத்தில் எங்கள் ஜன்னல்கள் அதிரும். அங்கே வீடுகளில் மமாத்தும் கிடையாது, 15 விநாடி முன்னால் சொல்ல ஒரு குரலும் கிடையாது. அந்த அதிர்வின்போது எனக்குத் தூக்கம் வராது.

சவ்தாவுக்கு வரும். காது கேட்கும் கருவியைக் கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஒரே இரவில் நான்கு முறை எழுந்து அந்த இரும்புக் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறேன். காலையில் தேநீர் கொடுக்கும்போது, "ராத்திரி ஒரு சத்தமும் இல்லை, பார்த்தாயா" என்பார். "ஆமாம், சவ்தா" என்பேன்.