கடையில் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு: கேள்வி பதில்

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் அம்மா ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை கிடையாது. நேற்றுதான் நடந்தது. உடனே வக்கீலைப் பார்க்கணுமா?

பதில்: வக்கீலை அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி. இன்றைக்கே பில்லைத் தேடி எடுங்கள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெறும் தாளாகிவிடும். அதனால் ஜெராக்ஸ் ஒன்று, போட்டோ ஒன்று எடுத்து வையுங்கள். அம்மா போட்டிருந்த செருப்பைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். செருப்பு தேய்ந்திருந்ததால்தான் விழுந்தார் என்று கடைத் தரப்பு சொல்லும்.

அடுத்தது கேமரா பதிவு. டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பல கடைகளில் 15 முதல் 30 நாள்தான் தங்கும். "இன்ன தேதி, இன்ன மணி, இன்ன தளத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விழுந்த நிமிடத்தை மட்டும் கேட்காதீர்கள், அதற்கு அரை மணி முன்பிருந்தே கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் துடைக்காமல் கிடந்தது, எத்தனை ஊழியர்கள் அதைத் தாண்டிப் போனார்கள் என்பதுதான் அலட்சியத்துக்குச் சாட்சி. பதிவைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அதைக் கொண்டுவரச் சொல்ல நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அப்போது "அழிந்துவிட்டது" என்று சொன்னால், உங்கள் கடிதமே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

கேள்வி (ராயபுரம்): ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, போலீஸ் தொல்லை வேண்டாமே என்று "வீட்டில் விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டோம். இப்போது கடையைக் கேட்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பாடு அதிகம். டூட்டி டாக்டர் நீங்கள் சொன்னதைத்தான் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். எழுதியதைத் திருத்தச் சொல்லி அலையாதீர்கள், அடித்தல் திருத்தல் சந்தேகத்தைத்தான் கூட்டும். சிகிச்சை தரும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அடுத்தடுத்த ஓ.பி. சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் "கடையில் விழுந்ததாகத் தெரிவிக்கிறார்" என்று எழுதச் சொல்லுங்கள். 108-ல் வந்திருந்தால், எங்கிருந்து ஏற்றினார்கள் என்பது அவர்கள் பதிவில் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய துணை அது. ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அலட்சியத்தால் அது நேர்ந்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 125-வது பிரிவு இருக்கிறது. போலீஸ் பணம் வாங்கித் தராது, ஆனால் கடையில்தான் விழுந்தார் என்று சொன்னதற்கு ஒரு தாள் கிடைக்கும்.

கேள்வி (பெரம்பூர்): பில் 640 ரூபாய், ஆபரேஷன் செலவு 1,80,000. பில் தொகைக்கு மேல் கேட்க முடியாது என்கிறார்களே?

பதில்: தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எந்த ஆணையம் என்பதைத்தான் நீங்கள் கொடுத்த விலை முடிவு செய்கிறது. கேட்கும் நஷ்டஈட்டுக்கு அது வரம்பு இல்லை. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 640 ரூபாய் பில்லோடு 6 லட்சம் கேட்டாலும் மனுவுக்குக் கட்டணம் பூஜ்யம்தான். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், உங்களுக்கு சென்னை வடக்கு. கெடு 2 வருடம். கடைத் தரப்பு பதில் மனு போட 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

கேள்வி (காசிமேடு): நான் மீன் விற்கிறேன். மூன்று மாதம் கூடை தூக்க முடியவில்லை. சம்பளச் சீட்டு இல்லாமல் வருமான இழப்பை எப்படிக் காட்டுவது?

பதில்: ஏலத்தில் மீன் எடுத்த துண்டுச்சீட்டு, ஜிபே வரவு, பேங்க் பாஸ்புக், குழுக்கடன் தவணை கட்டிய அட்டை எல்லாம் செல்லும் அக்கா. விபத்துக்கு முன் ஆறு மாதம், பின் மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இறக்கம் கண்ணுக்குத் தெரியும். "12 வாரம் பாரம் தூக்கக்கூடாது" என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். "ஓய்வு தேவை" என்ற பொதுவான வரி போதாது.

கேள்வி (வியாசர்பாடி): கடையில் விழுந்தேன், ஆனால் எதுவுமே வாங்கவில்லை, பார்க்கத்தான் போனேன். நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கூட வந்த வீட்டார் வாங்கிய பில் இருந்தால் அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம். எதுவுமே இல்லையென்றால் சிவில் கோர்ட்தான், கேட்கும் தொகையில் 3% கோர்ட் கட்டணம்.

கேள்வி (கொடுங்கையூர்): தங்கை கடை ஊழியர். ஏணியிலிருந்து விழுந்தாள்.

பதில்: சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்த வழி. விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பினாரா என்று கேளுங்கள். வேலை செய்ய முடியாத நாட்களுக்கு சம்பளத்தில் 90% வரும், சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி.

கேள்வி (திருவொற்றியூர்): கடைக்காரர் 10,000 ரூபாய் தருகிறார், ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: "முழுத் தீர்வாக" என்ற சொல் இருந்தால் போடாதீர்கள் அம்மா. "மருத்துவச் செலவுக்கு ஒரு பகுதியாகப் பெற்றேன், மீதி கேட்கும் உரிமையை விடவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். அதற்குச் சம்மதித்தால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.