சைக்கிளை உருட்டிக்கொண்டும் போகலாம்

அன்புத் தங்கச்சிக்கு,

சுவிஸில் பேர்னுக்கு வந்து எட்டு மாதமாகிறது, ஞாயிறானால் கடையெல்லாம் பூட்டு, கணவருக்கும் அன்றைக்குத்தான் வேலை. இங்குள்ளவர்கள் போல ஏரியோரமாகச் சைக்கிளில் போய்வர ஆசை, ஆனால் பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டாயிற்று, இந்த மலை நாட்டில் என்னால் ஏலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏலும். நான் முதல்முறை போனபோது எனக்கு வயது நாற்பத்தொன்று.

ஊரில் நமக்குச் சைக்கிள் என்றால் வேலை. தொண்ணூறுகளில் பெட்ரோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். போக ஓர் இடமில்லாமல், வாங்க ஒரு சாமானில்லாமல் ஒருவர் நாள் முழுக்க மிதிப்பார் என்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தெரிந்தது. அதனால் முதல் நாள், சந்தை கலைவதற்குள் போய்ச் சேர வேண்டியவளைப் போல மிதித்தேன். அதன் பலனைச் சொல்கிறேன்.

முதலில் இடம். பிரியென்ஸ் ஏரியின் தென்கரைக்குப் போங்கள். பேர்னிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சொந்தச் சைக்கிளை ஏற்றுவதானால், மார்ச் 21 முதல் அக்டோபர் 31 வரை ஐசி எனும் நகரிடை விரைவு ரயில்களில் அதற்கும் இடம் முன்பதிவு செய்ய வேண்டும்; தெரியாமல் ஏறி அபராதம் கட்டியவர்கள் நம்மவரில் உண்டு. முதல்முறைக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பது நிம்மதி. மின்சைக்கிள் வேண்டாம். பழக்கமில்லாத கைக்கு அதன் பாரமும் வேகமும் இறக்கத்தில் பயம் தரும்.

வழி கேட்கத் தேவையில்லை. சிவப்புப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படமும் 8 என்ற இலக்கமும் இருக்கும். ஆரே என்ற ஆற்றை ஒட்டிப் போகும் நாடளாவிய சைக்கிள் பாதை அது. சிறிது தூரத்தில் பியோனிகன் என்ற ஊர், செதுக்கு வேலை செய்த பழைய மரவீடுகள். லூட்ச்சினே ஆறு ஏரியில் விழுவதும் அங்கேதான். தண்ணீர் பால்மாவைக் கரைத்தது போல இருக்கும். மேலே பனிப்பாறைகள் அரைத்த கல்மாவு அது. ஏரி முழுக்க அந்தப் பச்சைநீலம் வருவதும் அதனால்தான்.

பியோனிகனைத் தாண்டியதும் என் சுடிதாரின் சால்வை சங்கிலிக்குள் போய்விட்டது. விழவில்லை, ஆனால் கழுத்தில் கயிறு கட்டிய ஆட்டைப் போல ஹாண்டிலோடு குனிந்தபடி நின்றேன். பின்னால் வந்த முதியவர் ஒருவர் இறங்கி, முழங்காலிட்டு, பெடலைப் பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். சங்கிலி விழுங்கிய துணி அங்குலம் அங்குலமாக, எண்ணெய்ப் பல்தடத்தோடு வெளியே வந்தது. நான் இழுத்துக் கிழிக்கப் போனேன். அவர் கையைத் தட்டிவிட்டு, ‘நுமே நித் க்ஷ்ப்ரெங்த்’ என்றார். பேர்ன்காரர் வாயில் எப்போதும் இருக்கும் சொல்: அவசரப்படாதே. அதன் பிறகுதான் ஏரியைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

இஸெல்ட்வால்ட் வரை சுமார் 9 கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லை. மோட்டர்வே மேலே மலைச்சரிவில் போய்விடுவதால் கீழே வாகனமும் குறைவு. ஒரு கொரியத் தொடரில் வந்த சிறிய படகுத்துறை அங்கே இருக்கிறது. 2023 முதல் அதில் ஏறிப் படம் எடுக்க 5 பிராங்க் கேட்கிறார்கள். அதே ஏரி பத்தடி தள்ளி இலவசம். அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு போனால் போதும், தண்ணீர் சுமக்க வேண்டாம். ஊருக்கு ஊர் குழாய்த் தொட்டிகளில் ஓடுவது குடிதண்ணீர். ‘கைன் டிரிங்க்வாசர்’, அதாவது குடிதண்ணீர் அல்ல என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். ஏரியில் கால் நனைக்கலாம். ஆகஸ்டிலும் எலும்பு வரை சில்லிடும்.

களைத்துவிட்டால் அங்கிருந்தே கப்பலேறித் திரும்பலாம், ஒரு குறையும் இல்லை. மேலே போவதானால் பாதை காட்டுக்குள் நுழைந்து கீஸ்பாக் அருவியை நோக்கி ஏறும். கல்லும் மண்ணுமான பாதை, சில இடங்கள் செங்குத்து. இறங்கி உருட்டுங்கள். நான் இன்றைக்கும் உருட்டுகிறேன், மெல்லிய கால்சட்டை போட்ட சுவிஸ்காரர்களும் உருட்டுகிறார்கள். பதினான்கு படிகளாக விழும் அருவிக்கு எதிரே ஒரு பெரிய பழைய ஹோட்டல். அதை இடித்துத் தள்ள இருந்தபோது ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழலியலாளர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார். 1983இல். நம் சனங்கள் வீடு எரிந்து ஓடிய ஆண்டு. ஒரு கட்டடத்துக்காக இவ்வளவு பேரா என்று முதலில் கோபம்தான் வந்தது. இப்போது வராது; அந்த முற்றத்தில் ஒரு தேத்தண்ணீர் வாங்கி அரைமணி நேரம் இருப்பேன். விலையைப் பார்க்காமல் வாங்குங்கள்.

அங்கிருந்து பிரியென்ஸுக்குப் பெரும்பாலும் இறக்கம், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். இன்டர்லாக்கனுக்குத் திரும்பக் கப்பலேறும் துறை, ரயில் நிலையத்துக்கு அருகிலேயே. சைக்கிளுக்குத் தனி டிக்கெட், இடமிருந்தால் ஏற்றுவார்கள். அதிர்ஷ்டமிருந்தால் 1914இல் கட்டிய ‘லோட்ஸ்பெர்க்’ நீராவிக் கப்பல் கிடைக்கும். அதன் இயந்திரம் எண்ணெய் மினுங்க ஏறி இறங்குவதை மேலே நின்று பார்க்கலாம்.

கரையில் செம்மஞ்சள் விளக்கு மின்னினால் காற்று வரப்போகிறது; நிமிடத்துக்கு 90 தடவை அடித்தால் புயல், எந்த ஊரில் நிற்கிறீர்களோ அங்கேயே பஸ்ஸோ ரயிலோ பிடித்துவிடுங்கள். கடைசிக் கப்பலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் சாதாரணச் சைக்கிளுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். சால்வையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.