நூறைத் தொட்டால்தான் காய்ச்சலா?

கேள்வி: எனக்கு வயது 46. சில வாரங்களாக உடல் வெப்பத்தை அளந்து நோட்டில் குறித்து வருகிறேன். காலையில் 97.8, மாலையில் 99 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. வேறு தொந்தரவு எதுவும் இல்லை. இது உள்காய்ச்சலாக இருக்குமோ?

பதில்: உங்கள் நோட்டில் இருப்பது நோயின் கணக்கு அன்று, நலமாக உள்ள உடலின் அன்றாடக் கணக்குத்தான். உடல் வெப்பம் விடியற்காலையில் மிகவும் தாழ்ந்து, மாலையில் நான்கு மணி முதல் ஆறு மணிக்குள் உச்சத்தை எட்டும். ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறி இறங்குவது இயல்பே. இயல்பான உடல் வெப்பம் என்று நாம் சொல்லும் 98.6 என்ற எண்ணை நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச். சுமார் 25,000 பேரின் அக்குளில் அளந்த அளவுகளைக் கொண்டு 1868-இல் அவர் வெளியிட்ட நூலிலேயே, காலைக்கும் மாலைக்கும் வெப்பம் மாறும் என்பதும் சொல்லப்பட்டிருந்தது. நாம் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். பிற்காலக் கருவிகளால் அளந்தபோது சராசரி அதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. பொதுவாக 100.4 டிகிரியை, அதாவது 38 செல்சியஸை எட்டினால்தான் மருத்துவர்கள் காய்ச்சல் என்கிறார்கள். உள்காய்ச்சல் என்று மருத்துவத்தில் ஒரு நோய் இல்லை. ஆனால் உடல் மெலிதல், இரவில் ஆடை நனையும் வியர்வை, விடாத இருமல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் இல்லாத நீங்கள் அந்த நோட்டை மூடி வைத்துவிடலாம்.

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு 103 டிகிரி. தலை அனலாய்க் கொதித்தது. கையும் காலும் சில்லிட்டு உடம்பு நடுங்கியது. கம்பளி போர்த்து என்கிறார் மாமியார்; ஐஸ் தண்ணீரால் துடை என்கிறார் கணவர். பாராசிட்டமால் சிரப் கொடுத்தும் 101-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. அது எப்படி என்று விளங்கினால் கம்பளிக்கும் ஐஸுக்கும் இடையிலான வழக்கும் தீர்ந்துவிடும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் உடல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்ற இலக்கை நிர்ணயிக்கிறது. கிருமி புகுந்ததும் எதிர்ப்பாற்றல் செல்கள் அனுப்பும் வேதிச்செய்தியால் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் அங்கே சுரந்து, அந்த இலக்கை, 103 என்று வைத்துக்கொள்வோம், மேலே உயர்த்திவிடுகிறது. அப்போது 99-இல் இருக்கும் உடம்பு தன்னைக் குளிர்ந்துபோனதாகவே கருதும். ஆகவே தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளே பூட்டுகிறது; கை கால் சில்லிடுவது அதனால்தான். தசைகளை நடுங்கவைத்துப் புதிதாக வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீர் பட்டால் நடுக்கம் கூடிக் குழந்தை அவதிப்படுமே ஒழிய, இலக்கு இறங்காது. கம்பளி போர்த்தினாலோ வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். குழந்தைக்குக் குளிர் இருக்கும் வரை ஒரு மெல்லிய துணி போதும். உள்ளங்கை சூடானதும் அதையும் எடுத்துவிடலாம்.

பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கைச் சற்றுக் கீழே கொண்டுவருகிறது. இரண்டு டிகிரி இறங்கிக் குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டால், அந்த மருந்திடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். எண்ணை 98.6-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அளவு மீறிக் கொடுத்துவிடுகிறோம். எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் என்பது கணக்கு. அது எத்தனை மில்லிலிட்டர் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை என்பதால், லேபிளைப் படித்து, மருந்தோடு வரும் அளவுமூடியிலேயே ஊற்றுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

எண் எதுவாயினும், குழந்தை எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, எதையும் குடிக்கவில்லை, விலா உள்வாங்க மூச்சிரைக்கிறது, பல மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் தெரிகின்றன என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் எண்ணே போதும்: 100.4 காட்டினால், சிரித்துக்கொண்டிருந்தாலும், காத்திருக்கக் கூடாது.

கேள்வி: காய்ச்சலில் வலிப்பு வந்தால் மூளை கெட்டுவிடுமா?

பதில்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருவதுண்டு. பார்ப்பவருக்கு உயிரே போய்விடுவது போலிருக்கும். ஆயினும் ஓரிரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும் சாதாரண காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் விரலோ கரண்டியோ எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல்முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெப்பமே மூளையைத் தாக்குவது பெரும்பாலும் வெயில் தாக்கத்தில்தான். அங்கே இலக்கு உயர்வதில்லை, உடல்தான் தன்னைக் குளிர்விக்கும் திறனை இழக்கிறது. எனவே பாராசிட்டமால் பயன்படாது. அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிர்விக்க வேண்டும்.

கேள்வி: 78 வயதான அப்பாவுக்கு 99.2-க்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் பேச்சு குழறிச் சாப்பாட்டை ஒதுக்கினார். பிறகு நிமோனியா என்றார்கள். காய்ச்சலே இல்லாமல் எப்படி?

பதில்: முதுமையில் இயல்பான வெப்பமே தாழ்ந்திருக்கும், தொற்றுக்கு எதிராக வெப்பத்தை உயர்த்தும் ஆற்றலும் குன்றிவிடும். வழக்கமாக 97 காட்டுபவருக்கு 99.2 என்பது இரண்டு டிகிரிக்கும் மேலான ஏற்றம், அதுவே காய்ச்சல்தான். முதியவர் நலமாக இருக்கும்போது ஒருமுறை அளந்து வைப்பது இதற்காகத்தான். திடீர்க் குழப்பமும் குழறலும் பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அதற்கு மேல் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி: அக்குளில் அளந்தால் ஒரு டிகிரி கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்ட வேண்டாம். அக்குள் அளவு குறைவாகக் காட்டுவது உண்மை. ஆனால் எவ்வளவு குறைவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண்ட எண்ணையும் அளந்த இடத்தையும் நேரத்தையும் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் அளப்பதானால், சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடித்த பின் அரை மணி நேரம் பொறுத்து அளந்து பாருங்கள்.