கவுண்டரை அழித்தும் போகாத போர்ட் அலர்ட்

நண்பரே, சிஸ்கோ நெட்வொர்க் ஸ்விட்சில் பிழைகளை எண்ணும் கவுண்டரை அழித்த பிறகும் சிஆர்சி (தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் பிழை) அலர்ட் மறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கவுண்டரை அழிக்கும் கமாண்ட் திரையில் தெரியும் எண்ணைத்தான் பூஜ்யமாக்கும். கண்காணிப்பு மென்பொருள் எஸ்என்எம்பி (சாதனங்களை நெட்வொர்க் வழியே கண்காணிக்கும் நெறிமுறை) வழியாக எடுக்கும் எண் அப்படியே இருக்கும். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, 5 நிமிடத்தில் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும்படி அலர்ட்டை மாற்றுங்கள்.

கூடிக்கொண்டே போனால் கோளாறு நிஜம். முதலில் ஃபைபர் கேபிளின் இரண்டு முனைகளையும் துடையுங்கள். சிஆர்சி என்பது உள்ளே வரும் ஃபிரேமில் (தரவுத் துண்டில்) எண்ணப்படுவது, அதை அனுப்புவது எதிர்ப்பக்கம், ஆகவே எதிர்முனையை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு நைட் ஷிஃப்டில் இரண்டு எஸ்எஃப்பியை (ஃபைபரைச் செருக போர்ட்டில் பொருத்தும் மாட்யூல்) வீணாக மாற்றிய பிறகுதான், தூசு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது! அப்புறமும் ஏறினால் பேட்ச் கார்டை (போர்ட்டில் செருகும் சிறிய ஃபைபர் கேபிளை) மாற்றுங்கள். எஸ்எஃப்பி கடைசியில்தான்.