தனிப்பவளம் என்றால் தனியாக இருக்கும் பவளமா?

மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினேன். போன வாரம் ஒரு பேச்சில் 'தனிப்பவளம்' (ஆங்கிலத்தில் 'சாலிட்டரி கோரல்') என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

செல்வி, வேதாரண்யம்: சார், 'சாலிட்டரி கோரல்' என்பதற்கு 'கூட்டம் சேராமல் ஒதுங்கி வாழும் பவளம்' என்று எழுதினேன். சரியா?

அரை மதிப்பெண்தான் அம்மா. கொல்லைப் பக்கம் போய்த் தென்னையைப் பாருங்கள். ஒரு தண்டு, ஒரு குருத்து. ஆயிரம் தென்னை நெருங்கி நின்றாலும் ஒவ்வொன்றும் தனி மரம். வாழை அப்படியில்லை. அடிக்கிழங்கில் பக்கக்கன்று வெடித்து, தாயும் பிள்ளையுமாக ஒரே கட்டையில் நிற்கும்.

பவளம் ஒரு கடல் விலங்கு. அதில் ஒரு பாலிப், அதாவது ஓர் உடல், என்றால் ஒரு வாய், அதைச் சுற்றி இழைகள், அடியில் சுண்ணாம்பால் ஆன ஒரு கூடு. கடைசிவரை ஒரே பாலிப், ஒரே கூடு என்றால் அது தனிப்பவளம். மொட்டுவிட்ட பாலிப்புகள் பிரியாமல், சதையால் இணைந்தே வளர்ந்தால் கூட்டுப்பவளம். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது கணக்கில்லை. காளான் பவளங்கள் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கிடக்கும், அத்தனையும் தனிப்பவளம்தான்.

ஒரு வாசகர், தரங்கம்பாடி: தாத்தாவின் கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. காளான் குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, நடுவிலிருந்து ஓரம்வரை மெல்லிய தகடுகள். கல்லாய்ப்போன காளானா?

காளான் இல்லை, காளான் பவளம். ஃபங்கியா என்ற பெயருக்கே காளான் என்றுதான் பொருள். நீங்கள் 'கவிழ்த்து' என்கிறீர்கள், ஆனால் தகடு தெரிகிற பக்கம்தான் அதற்கு மேல்பக்கம். நடுவில் கீறல் மாதிரி நீளமாக ஒரு பள்ளம் இருக்குமே, அதுதான் வாய் இருந்த இடம். விரலால் மெதுவாகத் தடவினால் தகடுகளின் விளிம்பில் ரம்பப்பல் போல நெருடும்.

குஞ்சுப் பருவத்தில் இது சின்னக் காம்பு வைத்துப் பாறையில் ஒட்டியிருக்கும். அப்புறம் தட்டு அகன்று, காம்பிலிருந்து கழன்று, தரையில் கிடந்தே வளரும். மேலே மணல் விழுந்தால் சதையை உப்பவைத்துத் தள்ளிவிடும். சில வகைகள் குப்புற விழுந்தாலும் மெதுவாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அடிபட்ட தாயின் மேல் குட்டிகள் முளைப்பதும் உண்டு. ஆனால் வளர்ந்ததும் கழன்றுவிடும், அதனால் 'தனி' என்ற பெயர் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. கல்பவளங்கள் எல்லாவற்றையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். விற்க நினைக்காதீர்கள்.

படகுக்காரர், நாகப்பட்டினம்: மடிவலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பவளம் வந்தது சார். தண்ணீர் வாளியில் போட்டேன், கொஞ்ச நேரத்தில் இடம் மாறியிருந்தது. பவளம் நடக்குமா?

அண்ணே, அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்ததா பாருங்கள். இருந்தால் அது ஹெட்டிரோசயாதஸ் என்ற சின்னப் பவளம் அல்லது அதைப் போன்ற ஹெட்டிரோப்சாமியாவாக இருக்கும். நடந்தது பவளம் இல்லை, உள்ளே குடியிருக்கும் புழு. காலியான நத்தை ஓட்டில் சிப்பங்குலா வகைப் புழு ஒன்று குடியேறும். அந்த ஓட்டின் மேல் பவளக் குஞ்சு உட்கார்ந்து, வளர்ந்து, நத்தை ஓடு முழுவதையும் மூடிவிடும். புழு மட்டும் தனக்கொரு வாசல் விட்டுக்கொள்ளும். அது இரை தேடி ஊரும்போது பவளமும் கூடவே போகும். சேற்றில் புதையாமல் தப்புவது பவளத்துக்கு லாபம், கல்வீடு புழுவுக்கு லாபம். இந்தப் புழுவின் இடத்தில் துறவி நண்டு ஒன்று குடியிருப்பதை 2017-இல் ஜப்பானில் கண்டு எழுதினார்கள். வாடகைக்கு ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்!

முதுகலை மாணவர், திருவாரூர்: தனிப்பவளமும் 'அஹெர்மாடிபிக்' பவளமும் ஒன்றுதானே?

இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள் தம்பி. உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாலிப் ஒன்றா பலவா? உடலுக்குள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து தரும் பாசி உண்டா? பாறைத்திட்டு கட்டுமா? மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'ஹெர்மாடிபிக்' என்றால் திட்டு கட்டுவது, 'அ' சேர்ந்தால் கட்டாதது. 1933-இல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த சொற்கள். பின்னால் வந்தவர்கள் 'திட்டு கட்டும்', 'பாசி உள்ள' என்ற இரண்டையும் ஒன்றாகவே பேசிக் குழப்பினார்கள். 1985-இல் ஷூமாகரும் சிப்ரோவியஸும் அதைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஃபங்கியா தனி, ஆனால் பாசி உண்டு. நார்வே கடலில் 300 மீட்டர் ஆழத்தில் வாழும் லோஃபீலியா கூட்டு. பாசி கிடையாது, ஆனாலும் பெரிய திட்டுகளைக் கட்டுகிறது. கிண்ணப் பவளமான கேரியோஃபிலியா தனி, பாசியும் இல்லை, திட்டும் இல்லை. இதை மட்டும் பார்த்துத்தான் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அதேபோலக் காளான் பவளக் குடும்பம் முழுக்கத் தனி என்றும் எழுதிவிடாதீர்கள். ஹெர்போலிதாவுக்குப் பல வாய்கள்.

(இதே வெல்ஸ்தான் 1963-இல் டெவோனியன் காலத்துப் (சுமார் நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) பவளங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, அன்று ஆண்டுக்குச் சுமார் 400 நாள் என்று காட்டியவர். வகுப்பில் சொன்னால் தூங்குகிற பையனும் எழுந்துவிடுவான்.)

ஆசிரியை, சீர்காழி: பூம்புகார் முதல் கோடியக்கரை வரை பவளத்திட்டு ஏன் இல்லை?

ஆறு கொண்டுவரும் வண்டல்தான். கலங்கல் நீரில் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது, குஞ்சு ஒட்டப் பாறையும் கிடைக்காது. திட்டு பார்க்க மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும்.

அவரே: பட்டினப்பாலையில் புகார்த் துறைக்கு வந்திறங்கும் 'குணகடல் துகிர்' இவற்றில் எது?

குணகடல் என்றால் கிழக்குக் கடல், துகிர் என்றால் பவளம்தான், ஆனால் இவற்றில் எதுவும் இல்லை. நகைக்கு ஆகும் செம்பவளம் எட்டு இழைப் பாலிப்புகளின் கூட்டம். நாம் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் ஆறின் மடங்கில் தகடு வைக்கும் கல்பவளம். மாலை கோக்கும் பவளத்தில் தனிப்பவளம் கிடையாது டீச்சர்.